நாற்பத்தோராவது பிள்ளை

ஏ பிள்ள, இசக்கிசெல்வி வீடு இதுதான? நீதானா! தெருமுனையில நின்னு ஒரே ஒரு குரல்தான் குடுத்தேன், இசக்கிசெல்வி வீடு எதுன்னு. எட்டு வீட்டுல இருந்து ஆளு வெளிய வந்து கை காட்டுதாவ. நல்ல ஊரு. ஒருத்தர் விசாரிச்சா மதிச்சுப் பதில் சொல்லுதாவ.

என்னைத் தெரியுதா? கனகமணி சிஸ்டர். பெரியாஸ்பத்திரி பிரசவ வார்டு. யூனிபாரம் இல்லாம சேலையில வந்திருக்கேன்லா, அதான் முழிக்க. இன்னைக்கி வியாழக்கிழம, எனக்கு வார லீவு. லீவுல எங்க வீட்டுக்காரரு மீன் வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, நான் ரெண்டு பஸ் மாறி இங்க வந்திருக்கேன். எதுக்கு? உன் பிள்ளைய ரெண்டாவது தடவ காது டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு. அவ்வளவுதான் விசயம். பன்னெண்டரைக்கு உங்க ஊர் மினிபஸ்சு. அதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லி முடிச்சிருதேன், பிறகு கிளம்புவோம்.

காப்பியெல்லாம் வேண்டாம். கருப்பட்டியா? அப்போ கொண்டா. பிள்ளையத் தொட்டில்ல போட வேண்டாம், மடியிலயே இருக்கட்டும், நான் பாத்துக்கிட்டே பேசுதேன். உங்க அத்தை எங்க? கொல்லையிலயா? அவியளும் கேக்கட்டும், நான் கொஞ்சம் கேக்குற மாதிரியே பேசுதேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும், நீ வந்து படுத்திருந்த சமயத்துலதான் அந்த மெஷின் வந்து ரெண்டாவது வாரம். அதக் கொண்டுவந்தவ நிலோபர். காது டெஸ்ட் எடுக்கதுக்குன்னே படிச்சிட்டு வந்திருக்கா. ஒல்லியா, பேசினா பக்கத்துக் கட்டிலுக்குக் கூடக் கேக்காது, அப்படி ஒரு பிள்ள. மெஷின் ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். ஒரு வயரு, நுனியில மிளகு மாதிரி மெத்துன்னு ஒரு ரப்பர். அத பச்சப்பிள்ள காதுல வச்சா, மெஷின் உள்ள ஒரு சின்னச் சத்தத்த அனுப்புமாம், காது அதுக்குத் திருப்பி ஒரு சத்தம் குடுக்குமாம். காது பதில் சொல்லுதுன்னு வச்சுக்கோயேன். பதில் வந்தா பாஸ். வராட்டா இன்னொரு தடவ எடுக்கணும். பிள்ளைக்கு ஊசி கிடையாது, வலி கிடையாது. பால் குடிச்சிட்டுத் தூங்கும்போதே எடுத்துரலாம். ஒரே ஒரு விசயம், சுத்தி சத்தம் இருக்கக் கூடாது. சத்தம் இருந்தா மெஷினுக்குக் காதோட பதில் கேக்காது.

பிள்ள பொறந்த மறுநாளே பரீட்சையான்னு ஊரே சிரிச்சிது. ஒருத்தன் வந்து எத்தன மார்க்குன்னு கேக்கான். ஐம்பதுக்கு மேல இருந்தாத்தான் வீட்டுக்கு விடுவியளான்னு கேக்கான். இன்னொருத்தன் பையன் பாஸ்னு சொன்ன உடனே வார்டு பூரா லட்டு குடுத்தான். பக்கத்துக் கட்டில் பிள்ள அன்னைக்கி பெயிலு, அந்தத் தாய் லட்ட வாங்காம சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா. எனக்கு மனசு தாங்கல. உடனே அங்க நின்னே சொன்னேன், 'யாரும் எதுக்கும் கலங்கக் கூடாது'ன்னு. எல்லாருக்கும் கேக்கணும்லா, அதனால கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன். நிலோபர் அப்போ அஞ்சாம் கட்டில்ல ஒரு பிள்ளைக்கு டெஸ்ட் எடுத்துக்கிட்டு இருந்தா. மெஷினப் பாத்தா, கண்ண மூடிக்கிட்டா. அந்தப் பிள்ளையும் பெயிலு.

சத்தந்தான் பிரச்சனைன்னு எனக்கு முதல் நாளே புரிஞ்சிட்டு. நம்ம சனம் மெதுவாப் பேசுமா? ஒரு பிரசவத்துக்குப் பதினாறு பேர் வாராவ. தூக்குச்சட்டி உருளுது, செல்போன் பாடுது, பிள்ள நாக்குல முதல்ல சேனை யார் வைக்கதுன்னு ரெண்டு அத்தைமாருக்குள்ள சண்ட. நான் விடுவேனா? நிலோபர் அந்த மெஷினத் தூக்கினாப் போதும், வார்டு நடுவுல போய் நிப்பேன், 'யாரும் மூச்சு விடப்பிடாது!'ன்னு ஒரு அதட்டு. கப்சிப். ஆனா பிள்ளைக மட்டும் நாலஞ்சு வீல்னு முழிச்சிக்கிடும். அத என்ன செய்ய, பச்சப் பிள்ளைக்கு ஒழுங்கு எப்படித் தெரியும்? நிலோபர் வந்து, 'சிஸ்டர், நீங்க உக்காருங்க சிஸ்டர், நான் பாத்துக்கிடுதேன்'னு கெஞ்சுவா. மரியாதையான பிள்ள. வயசானவ நிக்கக் கூடாதுன்னு நினைக்கா. நான் உக்காரல. ஒவ்வொரு கட்டிலுக்கும் அவ பின்னாலயே போய் அதட்டினேன்.

எனக்கு முப்பத்திரெண்டு வருச சர்வீசு, பிள்ள. வார்டு வாசல்ல நின்னு, இன்னாரோட ஆளு யாரு, பொம்பளப் பிள்ள பொறந்திருக்குன்னு நான் ஒரு தடவ சொன்னா, அப்பங்காரன் டீக்கடையில நின்னாலும் சரி, பஸ் ஸ்டாண்டுல தூங்கினாலும் சரி, ஓடி வந்துருவான். ஒரு தடவ ஆஸ்பத்திரிக்கு மைக் வாங்கிக் குடுத்தாவ. நான் அத அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன். நமக்கு எதுக்கு அது?

சரி, விசயத்துக்கு வாரேன். ரெண்டு வாரம் போயிட்டு. பெயிலான பிள்ள மட்டும் நாப்பத்தொண்ணு. நிலோபர் முகம் வாடிப் போச்சு. மேலிடத்துல இருந்து போன் வருது, இவ்வளவு பேர் பெயிலுன்னா உங்க ஆஸ்பத்திரியில சரியா எடுக்கத் தெரியல, மெஷின வேற ஊருக்கு அனுப்பிருங்கன்னு. எனக்கு ரத்தம் கொதிச்சிது. ரெஜிஸ்டர எடுத்து உக்காந்து ஒவ்வொரு நாளாப் பாத்தேன். அப்பத்தான் பிள்ள, நான் அந்தத் திருட்டக் கண்டுபிடிச்சேன்.

நான் டியூட்டியில இருக்க நாள் எல்லாம் பத்துக்கு மூணு பெயிலு, நாலு பெயிலு. எனக்கு வியாழக்கிழம வார லீவு. அன்னைக்கிப் பிரேமகலா சிஸ்டர் இன்சார்ஜ். ரெண்டு வியாழக்கிழமயிலயும் சேத்து இருபத்திரெண்டு பிள்ள. அதுல எத்தன பெயிலு தெரியுமா? ஒண்ணே ஒண்ணு! இது நடக்குற காரியமா? நான் அவ்வளவு அதட்டி, அவ்வளவு அடக்கி வச்சே அத்தன பெயிலுன்னா, வாயில்லாப் பூச்சி பிரேமகலா இருக்கும்போது எப்படி எல்லாம் பாஸாகும்? டெஸ்டே எடுக்காம பாஸ் பாஸ்னு எழுதித் தள்ளியிருக்கா. சந்தேகம் வரக் கூடாதுன்னு பேருக்கு ஒண்ணே ஒண்ண மட்டும் பெயில் போட்டு வச்சிருக்கா. நான் இப்படித்தான் நினைச்சேன். யாரா இருந்தாலும் இப்படித்தான் நினைப்பாவ.

ரெஜிஸ்டரத் தூக்கிட்டு நேரே பெரிய டாக்டர் ரூமுக்குப் போனேன். நிலோபரையும் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். எல்லாத்தையும் விளக்கினேன். வியாழன் பாருங்க, வெள்ளி பாருங்கன்னு விரல வச்சுக் காட்டினேன். பெரிய டாக்டர் நோட்டப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. நிலோபரப் பாத்தாரு. நிலோபர் கண்ண உயர்த்தி, சுத்துற ஃபேனப் பாத்துக்கிட்டு நிக்கா. டாக்டருக்கு ஒரு இருமல் வந்துச்சு பாரு, நிக்கவே இல்ல. பாவம், ஒரு செம்புத் தண்ணி குடிச்சாரு. பிறகு சொன்னாரு, 'சிஸ்டர், நீங்க கண்டுபிடிச்சது ரொம்ப முக்கியமான விசயம். இத இத்தன நாள் நாங்க யாரும் கவனிக்கலையே'ன்னு.

மறுநாள் எனக்கு ஆர்டர் வந்துட்டு. டைப் அடிச்ச ஆர்டர், சீல் வச்சு. 'ஒலிக் கட்டுப்பாட்டுப் பொறுப்பு.' காலையில பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் மெயின் கேட்டுல நிக்கணும். ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கக் கூடாது, பூக்காரி கூவக் கூடாது, எல்லாத்தையும் நான் கட்டுப்படுத்தணும். அந்த ரெண்டு மணி நேரத்துலதான் வார்டுல நிலோபர் டெஸ்ட் எடுப்பா. 'இதுக்கு உங்கள விட்டா ஆள் கிடையாது சிஸ்டர், கேட்ட விட்டு ஒரு அடி உள்ள வந்துராதிய'ன்னு டாக்டரே வாயால சொன்னாரு. அந்த ஆர்டர லேமினேசன் போட்டு வீட்டுல மாட்டியிருக்கேன்.

நீ நம்ப மாட்ட பிள்ள. நான் கேட்டுக்குப் போன அன்னைக்கே வார்டுல எல்லாம் பாஸ்! மறுநாளும் பாஸ்! நூறு பிள்ளைக்கு ரெண்டு மூணுதான் பெயிலாத் தங்குது, அதுவும் மறுபடி எடுத்தா சரியாயிருது. பாத்தியா, சத்தம் எல்லாம் ரோட்டுல இருந்துதான் வந்திருக்கு. நாங்க பைத்தியக்காரி மாதிரி வார்டுக்குள்ள தேடிக்கிட்டு இருந்திருக்கோம். மெஷினும் எங்க ஆஸ்பத்திரியிலயே தங்கிட்டு. பிரேமகலா கூட என்னைப் பாத்தா இப்ப சிரிச்சிக்கிட்டே போறா. பயம்.

என்ன வாசல்ல கூட்டம்? ஒண்ணுமில்லம்மா, சண்டையெல்லாம் இல்ல, சும்மா பேசிக்கிட்டு இருக்கோம். நீங்க போய் வேலையப் பாருங்க. இருக்கதுன்னா இருங்க, பிள்ள தூங்குது, சத்தம் போடாம இருங்க.

பிறகு நிலோபர் அந்தப் பழைய நாப்பத்தொரு பிள்ளைகளையும் திருப்பிக் கூப்பிட ஆரம்பிச்சா. போன் மேல போன். தடுப்பூசி போட வாரவியள நான் கேட்டுலயே பிடிச்சு உள்ள அனுப்புனேன். நாப்பது பேர் வந்துட்டாவ. நாப்பதும் பாஸ். அந்த லட்டு வாங்காமத் திரும்பிப் படுத்தவ இருக்கால்லா, அவ பிள்ளையும் பாஸ். அவளே ஒரு டப்பா லட்டு கொண்டுவந்தா, எனக்கு ரெண்டு குடுத்தா.

பாக்கி உன் பிள்ள ஒண்ணுதான். நீ குடுத்த நம்பர் உன் வீட்டுக்காரர் நம்பராம், அவரு திருப்பூர்ல போய் சிம்ம மாத்திட்டாராம். உங்க ஊர் நர்சம்மா பிரசவ லீவு. நிலோபர் தினம் என்கிட்ட வந்து நிப்பா, 'சிஸ்டர், ஒரு பிள்ள பாக்கி'ன்னு. ஏட்டி, நாப்பது பாஸாச்சு, அதுவும் பாஸாத்தான் இருக்கும், விடுன்னு சொன்னேன். அதுக்கு அவ சொல்லுதா, 'இல்ல சிஸ்டர், மத்ததெல்லாம் வேற நாள்ல எடுத்தது. இது வியாழக்கிழம எடுத்தது. ரெண்டு காதுலயும் பதில் இல்ல. அன்னைக்கி வார்டு அமைதியா இருந்துச்சு'ன்னு. நான் இல்லாத அன்னைக்கி வார்டு எப்படிட்டி அமைதியா இருக்கும்னு கேட்டேன். ரெஜிஸ்டரத் திறந்து அந்தத் தேதிய விரல வச்சுக் காட்டினா. ஆனா பிள்ள, அவ கண்ணு கலங்கிட்டு. அந்தப் பிள்ள அப்படிச் சட்டுன்னு அழுற ஆள் இல்ல. அதான் எனக்கு ரெண்டு நாளா சோறு இறங்கல. எனக்கு லீவு வரட்டும், நானே போய்க் கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டேன். இன்னைக்கி எத்தன மணியானாலும் மெஷினோட காத்திருக்கேன்னுட்டா.

வாங்க மதினி, உள்ள வாங்க. கொல்லையில நின்னுக்கிட்டே எல்லாத்தையும் கேட்டிருப்பிய. என்ன, காதுகுத்துக்கு முன்னால பிள்ள காதுல எதையும் விடக் கூடாதா? பங்குனியில சாஸ்தா கோயில்ல, மாமன் மடியில உக்கார வச்சு முதல்ல தங்கந்தான் காதத் தொடணுமா? தாராளமாத் தொடட்டும். நானும் வந்து மொய் எழுதுதேன். ஆனா மதினி, தங்கம் போடுறது காது மடல்ல, வெளிய. நாங்க பாக்கது உள்ள. சாமிக்கு வெளியதான கணக்கு? உள்ளயும் சாமி குடுத்ததுதான, அத ஒரு தடவ பாத்தா சாமி கோவிச்சுக்கிடுமா? இப்படிக் கைய நீட்டித்தான்... ஆத்தாடி! செம்பு விழுந்துட்டா? நான்தான் தட்டிட்டேன். இருக்கட்டும், வெறும் செம்புதான்.

கூரையில இருந்த புறா எல்லாம் பறந்துட்டு பாரு. வாசல்ல நின்ன பிள்ளைக கூட ஓடிட்டு. ஆனா உன் பிள்ளையப் பாரேன், கண் இமை கூட அசையல. தங்கம்! இப்படி அமைதியான பிள்ள ஆயிரத்துல ஒண்ணு. வந்ததுல இருந்து பாக்கேன், நான் இவ்வளவு நேரம் பேசியும்...

என்ன பிள்ள? ஏன் அப்படிப் பாக்க? என்ன, நானா? கூப்பிடணுமா? தூங்குற பிள்ளையவா? காதுக்கிட்டயே வந்தா?

சரி. பேரு என்ன வச்சிருக்கிய? மித்ரன். உங்க அத்தை மாடசாமின்னு கூப்பிடுதாவளா? சரி, ரெண்டையும் கூப்பிடுதேன். ஏ மித்ரா! ஏ ராசா! மித்ரா!

மாடசாமி! எய்யா மாடசாமீ!

இரு. இரு பிள்ள, பேசாத. இன்னொரு தடவ கூப்பிடுதேன்.

தெருவுல நாய் குலைக்குது. உங்க அத்தை நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு நிக்காவ. இவன் தூங்குதான். முப்பத்திரெண்டு வருசத்துல நான் கூப்பிட்டு முழிக்காத பிள்ளைய நான் பாத்ததே இல்ல, இசக்கிசெல்வி.

எத்தன நாளா உனக்குத் தெரியும்? தட்டு விழுந்தா அசைய மாட்டேங்கான், கதவு அடிச்சா அசைய மாட்டேங்கான்னு ராத்திரியெல்லாம் நீயே கிடந்து யோசிச்சியா? பிறகு ஏம்மா வரல? யாராவது ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாவளா? யார் சொன்னது? எந்த மூதி சொன்னது?

ஆமா. நான்தான் சொன்னேன்.

நீ டெஸ்ட் சீட்டக் கையில வச்சுக்கிட்டு வார்டு வாசல்ல நின்ன. வெள்ளிக்கிழம. மறுபடி வரணுமா சிஸ்டர்னு கேட்ட. இது பிரேமகலா சும்மா எழுதினது, இங்க எல்லாப் பிள்ளையும்தான் பெயிலாகுது, பயப்படாமப் போன்னு நான்தான் அந்தச் சீட்ட வாங்கிக் கிழிச்சுப் போட்டேன். எனக்கு ஞாபகம் இருக்கு பிள்ள. பஸ்சுல வரும்போது பூரா நீ அத மறந்திருக்கணும்னு வேண்டிக்கிட்டே வந்தேன். தப்பு என் மேலதான். உன் கையப் பிடிச்சுக் கேக்கேன், என்னைத் திட்டணும்னா திட்டு. ஆனா திட்டிக்கிட்டே சேலைய மாத்து.

அழாத. கேளு, இது ஒண்ணும் டெஸ்ட் இல்ல. அசந்து தூங்குற பிள்ளையும் உண்டு, உள்ள நீர் கோத்திருந்தாலும் கேக்காது. மெஷின்தான் சொல்லணும். அந்த மெஷினும் கேக்கலன்னே சொன்னாலும் பயமில்ல, நிலோபர் எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கா. மூணு மாசத்துக்குள்ள உறுதி பண்ணிட்டு, ஆறு மாசத்துக்குள்ள காதுக்கு மெஷின் மாட்டிட்டா, பிள்ள கேக்கும், பேசும், பள்ளிக்கூடம் போவும். சில பிள்ளைக்கு ஆப்பரேசன், அதுவும் கவர்மெண்டுலயே. இவனுக்கு இன்னைக்கி ஐம்பத்தோரு நாள்தான் ஆகுது. நாம பிந்தல. எண்ணிப் பாத்துட்டுத்தான் வந்தேன், நாம பிந்தவே இல்ல.

மதினி, நீங்க என்ன சொல்லுதிய? அட, நீங்களே பைய எடுத்துட்டியளா? நல்லது. ரெண்டு துணி, ஒரு போர்வை. பசியாத்திராதிய, பிள்ளையத்தான் சொல்லுதேன், ஆஸ்பத்திரி போய்ச் சேந்த பிறகு பால் குடுக்கணும், அப்பத்தான் டெஸ்டுக்குத் தூங்குவான். ரொம்ப அழுதா மட்டும் பஸ்சுல ஒரு வாய் குடு.

பிள்ளைய எங்கிட்ட குடு, நீ செருப்பப் போடு. வாடா ராசா. என்ன கனம்! ஒண்ணுக்கும் பயப்படாத பிள்ள, நான் கூடவே இருக்கேன். இத்தன நாளா அந்த நிலோபர் என்னைக் கேட்டுலயே நிப்பாட்டி வச்சிருக்கா, டெஸ்ட் எடுக்கும்போது வார்டுக்குள்ள ஒரு தடவ கூட விடல. இன்னைக்கி எனக்கு லீவு, கேட்டு டியூட்டி கிடையாது. நேரே உள்ள வாரேன். ஒரு ஈ எறும்பு சத்தம் வரக் கூடாது, நானே இவன் தலைமாட்டுல உக்காந்து காவல் இருக்கப் போறேன்.

ஏன் சிரிக்க? கண்ணுல தண்ணி ஓடுது, அதோட சிரிக்க? உங்க அத்தையும் சிரிக்காவ! நான் என்ன சொல்லிட்டேன் இப்ப? சரி, சிரிங்க. ரெண்டு பேரும் நல்லாச் சிரிங்க. வீட்டப் பூட்டிட்டுச் சிரிங்க.